மாப்பிள்ளையின் காப்பும் என் குட்டிக் கத்தியும்

ஓய்வு பெற்ற வாத்தியார் கையில் இரண்டு பொருள்களைக் கொடுக்கக்கூடாது. ஒன்று மைக். இன்னொன்று கத்தி.

மைக்கைப் பிடித்து நான் செய்த கொடுமைகளை எங்கள் கோயில் திருவிழாக் கூட்டம் எப்போதோ மன்னித்துவிட்டது. (என் பேச்சு முடிந்த பிறகுதான் அன்னதானம் என்பதால் அவர்களுக்கும் வேறு வழி இல்லை.) கத்தியால் செய்ததற்கு அவ்வளவு சுலபமாக மன்னிப்பு கிடைக்கவில்லை. அந்தக் கதை எங்கள் ஊர் லூனாஸில் ஒரு மாதிரியும் மாப்பிள்ளை ஊர் குருணில் வேறு மாதிரியும் உலவுகிறது. கூலிமில் ஒருவர் என்னிடமே வந்து, யாரோ ஒரு தாய்மாமன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் குத்திவிட்டாராமே என்று விசாரித்தார். ஆகவே குற்றவாளியே எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன். குத்தவில்லை. ஆனால் அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன்.

நானும் மனைவி சரோஜாவும் லூனாஸ் பக்கத்தில் ஒரு தாமானில், வரிசை வீடு ஒன்றில், குடியிருக்கிறோம். இடைநிலைப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். சோதனைத்தாள் திருத்தாத கை சும்மா இருக்காது. காலையில் கோப்பிக் கடை, மாலையில் துளசிச் செடிக்குத் தண்ணீர், நடுவில் கைப்பேசி. அந்தக் கைப்பேசியில்தான் தாடிக்காரன் எனக்கு அறிமுகமானான்.

அவன் ஏதோ ஒரு குளிர்தேசத்துக் காட்டில் மரக்கட்டை மேல் உட்கார்ந்திருப்பான். சிரிக்கவே மாட்டான். ஒரு கத்தியை எடுப்பான். குச்சியைச் சீவுவான், கயிற்றை அறுப்பான், கட்டையைப் பிளப்பான், பிறகு அதே கத்தியால் ஒரு ஆப்பிளை வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொல்வான். 'அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றது' என்று அவன் சொன்னால் அதற்கு மேல் முறையீடு கிடையாது. அவனுடைய அன்றாடம் காட்டில் தீ மூட்டுவது, என்னுடைய அன்றாடம் கோப்பிக் கடைக்குப் போய்த் திரும்புவது என்ற சின்ன வித்தியாசம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை. அவன் புகழ்ந்த ஒரு குட்டிக் கத்தியை இணையத்தில் வாங்கிவிட்டேன்.

மடக்குகிற கத்தி இல்லை அது. அலகும் பிடியும் ஒரே இரும்புத் துண்டு. அலகு என் நடுவிரல் நீளம்கூட வராது, ஆனால் முதுகு தடிப்பு. பிடியில் மூன்று விரல்களுக்குத்தான் இடம். சுண்டுவிரல் மட்டும் வெளியே அநாதையாக நிற்கும். இடுப்பு வாரில் மாட்டிக்கொள்ள ஒரு கறுப்பு உறை. கத்தி அதற்குள் 'டக்' என்று போய் உட்காரும். அந்தச் சத்தத்துக்காகவே முதல் நாள் முழுவதும் எடுத்து எடுத்துச் செருகிக்கொண்டிருந்தேன்.

சரோஜா வந்து பார்த்தாள்.

"என்னாங்க இது, வெளையாட்டுச் சாமானா?"

"கத்தி."

"வூட்ல இல்லாத கத்தியா?"

"அதெல்லாம் சமையல் கத்தி, சரோஜா. இது அன்றாடக் கத்தி. தெனமும் பயன்படுத்தறது."

"அப்ப நா என்னா வாரத்துக்கு ஒரு தடவையா சமைக்கிறேன்?"

இந்தக் கேள்விக்குத் தாடிக்காரனிடமும் பதில் இருந்திருக்காது.

ஆனாலும் ஒரு பொருளை முறைப்படி சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் போதித்தவன் நான். சோதனையைத் தொடங்கினேன். ஒவ்வொரு சோதனையின் முடிவையும் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போட்டேன். (யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்கு இரண்டு பொருளையும் எடுத்துக்கொள்ளலாம்.)

அட்டைப்பெட்டிக்கு முழு மதிப்பெண். வெண்ணெய் மாதிரி கீறியது. வெங்காயத்தில் தேர்ச்சி இல்லை. முதுகு தடிப்பாக இருப்பதால் வெட்டுவதற்குப் பதில் ஆப்பு மாதிரி பிளந்தது. ஒரு பாதி அடுப்புக்கு அடியில் ஓடிப் போய் ஒளிந்துகொண்டது. டுரியான் பழத்தில் முனையைச் செருகித் திருகினேன். கத்தி உள்ளே போனது, வெளியே வரவில்லை. கடைசியில் டுரியானைத் திறக்கும் பாராங் கத்தியால் டுரியானைத் திறந்து அன்றாடக் கத்தியை மீட்டேன். கயிற்றுச் சோதனை மட்டும் அபார வெற்றி. ஒரே இழுப்பு. அந்தக் கயிற்றின் மறுமுனையில் சரோஜா துவைத்துக் காயப்போட்ட சேலைகள் தொங்கிக்கொண்டிருந்ததைச் சோதனைக்கு வெளியே நடந்த விபத்தாகக் கருத வேண்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

கூர் தீட்டுவதும் ஒரு கலையாகப் பிடித்துக்கொண்டது. தாடிக்காரன், தீட்டிய கத்தியை முன்கை மயிரில் இழுத்துப் பார்ப்பான். மயிர் சுத்தமாக வழிந்தால்தான் திருப்தி. நானும் இழுத்துப் பார்த்தேன். கொஞ்ச நாளில் என் இடது முன்கை கோழி உரித்த மாதிரி ஆகிவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வருத்தம் எனக்கு. கத்தியை எங்கே போனாலும் இடுப்பில் மாட்டிக்கொண்டு போகிறேன், ஆனால் அதற்கு அன்றாடம் ஒரு வேலை வர மாட்டேன் என்கிறது. "போலீஸ் புடிச்சா நா வந்து கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சரோஜா சொன்ன பிறகு சட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டேன். உலகத்தில் வெட்ட வேண்டிய ஏதோ ஒன்று எனக்காகக் காத்திருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் குறையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை மகள் தர்ஷினிக்குக் கல்யாணம் கூடி வந்தது.

தங்கை வசந்தா பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே கணவனை இழந்தவள். கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து, கம்பெனி பஸ்ஸில் தூங்கியே பாதி ஆயுளைக் கழித்துப் பிள்ளையைப் படிக்கவைத்தாள். தர்ஷினிக்கு அப்பா இல்லாததால் நானும் சரோஜாவும்தான் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை கோகுலன் குருண்காரர், நல்ல பையன். அவருடைய அம்மாவும் நல்லவர்தான், ஆனால் சகுனம் பார்ப்பவர். பெண் பார்க்க வந்த அன்று வசந்தா வீட்டு வாசலில் பூனை குறுக்கே போய்விட்டது என்று காடிக் கதவைத் திறக்காமலே உள்ளே உட்கார்ந்திருந்தார். பூனை திரும்பி வந்த பிறகுதான் இறங்கினார். (பூனைக்குப் பின்னால் மீன் தலையோடு நான் நின்றதை அவரிடம் சொல்லவில்லை.)

கல்யாணத்துக்கு முதல் நாள் வசந்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, சம்பந்தியம்மாவ பத்தி ஒனக்கே தெரியும். நாளைக்கு எதாச்சும் ஒண்ணு கோணலா நடந்துச்சுன்னா அவங்க பாதியில எழுந்திருச்சுப் போனாலும் போயிருவாங்க. எம்புள்ள தாங்காது."

"நான் இருக்கேன்ல, நீ எதுக்குப் பயப்படற?"

"அதான் பயமே. அந்தக் கத்திய கொண்டு வராதண்ணே. எனக்காக."

"சரி" என்றேன்.

சொன்ன வாக்கு அது. மறுநாள் காலை பட்டு வேட்டி கட்டி, பச்சை வாரை இறுக்கியபோது, என் கை தானாகப் போய் உறையை வாரில் மாட்டியது. கல்யாண வீடு, ஆயிரம் வேலை இருக்கும், ஏதாவது வெட்ட வேண்டி வரும், ஜிப்பாவுக்கு அடியில் இருந்தால் யாருக்குத் தெரியும் என்று நானே எனக்கு வக்கீலாக வாதாடி நானே நீதிபதியாக விடுதலையும் கொடுத்துக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை. கிளம்புவதற்கு முன் அதை ஒரு தடவை தீட்டவும் செய்தேன்.

மண்டபத்தில் எடுத்த எடுப்பிலேயே கத்திக்கு யோகம் அடித்தது. பின்பக்கத்துச் சமையல்கட்டில் தண்ணீர்ப் போத்தல் கட்டுகளைப் பிளாஸ்டிக் உறையோடு பிய்க்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஜிப்பாவைத் தூக்கினேன். சர், சர் என்று எல்லாக் கட்டையும் திறந்துகொடுத்தேன்.

"சார், செம்ம கத்தி சார் இது!" என்றார் சமையல்காரர்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மணவறைக்குப் போய், இடுப்பில் ஆயுதத்தோடு, மருமகளைத் தாரை வார்த்துக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற சரோஜாவின் கை உறை மேல் பட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஹோமத்தீ கொஞ்சம் தணிந்ததுபோல் இருந்தது. குருக்கள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்ததால் தப்பித்தேன்.

தாரை வார்த்து முடிந்ததும் பெண் கூறைச்சேலை கட்டிக்கொள்ளப் போனாள். மாப்பிள்ளையும் பெண் வீட்டார் கொடுக்கும் புது வேட்டி மாற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்குப் பிறகு தாலி. வேட்டித் தட்டை எடுத்துக்கொண்டு நான்தான் மாப்பிள்ளையோடு உள்ளறைக்குப் போனேன். அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

கோகுலன் வலது கையை உதறிக்கொண்டே இருந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"கை மரத்துப்போச்சு லா மாமா. காப்ப ரொம்ப இறுக்கிக் கட்டிட்டாரு சாமி."

சடங்கின் தொடக்கத்தில் குருக்கள் மணமக்கள் மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டுகிற நூல்தான் காப்பு. கட்டியதைக் கல்யாணம் முழுதாக முடிந்து குருக்கள் அவிழ்க்கிறவரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். அது இருக்கிறவரை மாப்பிள்ளைக்குத் தெய்வமே காவல். இது என் வீட்டில் பிறந்த பூனைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"குருக்கள கூப்பிடறீங்களா மாமா? கொஞ்சம் தளத்தி விட்டா போதும்."

இதோ, இந்த இடத்தில் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் கோகுலனின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். நூல் ஈரத்தில் முறுக்கேறி இறுகியிருந்தது. விரல்கள் கத்திரிக்காய் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

"இதுக்கு எதுக்குப்பா குருக்கள்? இது ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்ட விசயம்" என்றேன்.

என் திட்டம் என்னவோ அறிவியல்பூர்வமானதுதான். நூல் பல சுற்றாகச் சுற்றியிருக்கிறது. அதில் ஒரே ஒரு சுற்றுக்கு அடியில் முனையைச் செருகி அந்த ஒன்றை மட்டும் அறுத்தால் மற்றவை தாமாகத் தளரும். கத்திக்கு இந்தத் திட்டத்தை யாரும் சொல்லவில்லை. காலையில்தானே தீட்டியிருந்தேன். முனையைச் செருகினேன். இழுக்கக்கூட இல்லை. அத்தனை சுற்றும் ஒரேயடியாக விட்டுப்போய், மஞ்சள் கிழங்கு தரையில் விழுந்து உருண்டு, நாற்காலிக்கு அடியில் போய் நின்றது.

அந்த விநாடியில் என் மனத்தில் முதலில் தோன்றியதை வெட்கத்தோடு சொல்கிறேன். 'அடடா, என்ன சுத்தமான வெட்டு!'

"மாமா…" என்றார் கோகுலன். "காப்பு."

"தெரியும்பா."

"தாலி கட்டல இன்னும்."

"தெரியும்பா."

கத்தியை உறைக்குள் செருகினேன். 'டக்'. அதே சத்தம். அதோடு சேர்ந்து கதவும் திறந்தது. சம்பந்தியம்மா தலையை நீட்டி, "வேட்டி கட்டியாச்சா தம்பி, நேரமாவுது" என்று தொடங்கி, மகனுடைய வெறும் மணிக்கட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"காப்பு எங்க?"

பாவம், கோகுலன். நல்ல பிள்ளை என்று சொன்னேனே. பெண்ணின் மாமாவை எதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். "அறுந்துருச்சும்மா" என்றார்.

"எப்படி அறுந்துச்சு?"

"தானா."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். திறந்து என்ன சொன்னேன் தெரியுமா?

"இப்பல்லாம் நூலு தரமே இல்லம்மா."

இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லக் கற்றுக்கொடுத்த வாய் அது. ஒரு முழம் நூல் மேல் பழியைப் போட்டது.

மாப்பிள்ளையின் பொய்யும் என்னுடைய பொய்யும் சேர்ந்து என்ன செய்தன என்பது எனக்குப் புரிவதற்குள் சம்பந்தியம்மா வெளியே போய்விட்டார். ஒரு கிறுக்கன் அறுத்த காப்புக்குப் பொருள் எதுவும் இல்லை. தானாக அறுந்த காப்புக்கு உண்டு. தாலி ஏறுவதற்கு முன்னால் தெய்வமே கழற்றிக்கொண்டது என்று பொருள்.

நானும் கோகுலனும் மணவறைக்கு ஓடி வந்தபோது நாதஸ்வரம் நின்றிருந்தது. மண்டபத்தில் பேச்சும் நின்றிருந்தது. கூறைச்சேலையில் தர்ஷினி வந்து நின்றுகொண்டிருந்தாள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் சிரித்த முகத்தோடு எல்லாரையும் பார்த்தாள்.

"வேற காப்புக் கட்டிரலாம்மா, அதுக்கு விதி இருக்கு" என்று குருக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கட்டலாம் சாமி. ஆனா ஏன் அறுந்துச்சு? அதச் சொல்லுங்க. எம்பையன் உசிரு சம்பந்தப்பட்டது. இன்னிக்கு வேணாம். வேற நாள் பாப்போம்."

"அம்மா, ப்ளீஸ் லா…"

"நீ சும்மா இரு கோகுலா."

வேறு நாள் என்றால் வேறு நாள் இல்லை என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தர்ஷினியின் சிரிப்பு மெல்ல வடிந்ததை நான் பார்த்தேன். வசந்தா என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீதான் பெரியவன். படிச்சவன். நீ சொன்னா கேப்பாங்க. எதாச்சும் பேசேன்."

அவளுடைய கை என் ஜிப்பாவில் உரசிக்கொண்டிருந்தது. உறைக்கும் அவள் விரலுக்கும் நடுவில் ஒரு பட்டுத் துணிதான். என் ஆயுளில் நான் அவ்வளவு கேவலமாக உணர்ந்தது கிடையாது.

அறிவிப்பாளரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன். மணவறைப் படியில் ஏறி, சம்பந்தியம்மாவுக்கு நேர் எதிரே போய் நின்றேன். "காப்பு தானா அறுபடல. இந்தக் கத்தியாலதான் அறுபட்டுச்சு" என்று சொல்லி, ஜிப்பாவைத் தூக்கி, சாட்சிப் பொருளை உருவி உயர்த்திக் காட்டினேன்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. மைக்தான் வேலை செய்யவில்லை.

ஆகவே மண்டபம் பார்த்தது இதைத்தான்: கல்யாணத்தை நிறுத்தச் சொன்ன மாப்பிள்ளையின் தாயாருக்கு முன்னால் போய், பெண்ணின் தாய்மாமன் வாயை அசைத்துக்கொண்டே கத்தியை உருவுகிறார்.

"ஐயோ, மாமா கத்திய எடுத்துட்டாரு!"

முன்வரிசை பின்வரிசையின் மேல் விழுந்தது. தவில்காரர் தவிலைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். குருக்கள் ஹோமகுண்டத்துக்கு அந்தப் பக்கம் தாவினார்; அந்த வயதில் அப்படி ஒரு தாவல் ஆச்சரியம்தான். கைப்பேசிகள் மட்டும் ஓடாமல் நின்று படம் எடுத்தன. கூட்டத்துக்கு நடுவிலிருந்து சரோஜா, "என்னாங்க, கீழ போடுங்க!" என்று அலறினாள். நான் பதறிப்போய் மைக்கைத் தட்டினேன். சரியாக அப்போது அதற்கு உயிர் வந்தது. நான் போட்ட சத்தம் மண்டபத்தின் நாலு மூலையிலும் இடித்தது:

"நாந்தான் அறுத்தேன்!"

அதைக் கேட்டு, அதுவரை ஓடாதவர்களும் ஓடினார்கள்.

ஓடாமல் நின்றவர் சம்பந்தியம்மா ஒருவர்தான். கிட்டே வந்து, காப்பி அடித்த மாணவனைப் பிடிப்பதுபோல் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னாத்த அறுத்தீங்க?"

"காப்பம்மா. அது தானா அறுபடல. மாப்பிள்ள என்னைக் காப்பாத்தச் சொன்ன பொய் அது. நான் சொன்னதும் பொய். நூல் நல்ல நூல்தான்."

"எதுக்கு அறுத்தீங்க?"

"கையில ரத்த ஓட்டம்…"

"தளத்திவிடத் தெரியாதா?"

"தெரியும்மா." கையிலிருந்த கத்தியைப் பார்த்தேன். "கத்தி இருந்துச்சு."

என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களிலேயே முழுமையான உண்மை அதுதான். அதுவும் மைக்கில்.

சம்பந்தியம்மா அப்படியே நம்பிவிடுகிறவர் இல்லை. கல்யாணத்தைக் காப்பாற்ற இந்த ஆள் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறாரோ என்று ஒரு சந்தேகம் அவருக்கு. அறுந்த காப்பைக் கொண்டு வரச் சொன்னார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நுனியைப் பார்த்தார். எனக்கு வாத்தியார் புத்தி வந்துவிட்டது.

"தானா அறுந்த நூல் பிசிறு பிசிறா நிக்கும்மா. இது பாருங்க, ஒரே மட்டமா…"

"பாடம் எடுக்காதீங்க. சாமி, வேற நூலு குடுங்க."

குருக்கள் ஹோமகுண்டத்துக்கு அப்பாலிருந்தே ஒரு நூலை வீசினார். சம்பந்தியம்மா அதை இரு கையாலும் இழுத்துப் பிடித்தார்.

"வெட்டுங்க."

தாடிக்காரன் காட்டில் தனியாக உட்கார்ந்து சோதித்தான். நான் சொந்தபந்தங்கள் அத்தனை பேர் முன்னால், மணவறையில், ஹோமப் புகைக்கு நடுவில் சோதித்தேன். தொட்டவுடன் நூல் இரண்டாயிற்று. சம்பந்தியம்மா இரண்டு நுனிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது வெறும் கிறுக்குத்தனம்."

எங்கேயோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். தர்ஷினி முகத்தை மூடிக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. இதற்கு என்ன பரிகாரம் என்று சம்பந்தியம்மா கேட்டார். "கிறுக்குத்தனத்துக்குச் சாஸ்திரத்துல பரிகாரம் சொல்லலம்மா. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் ஒடச்சிட்டுப் புதுக் காப்புக் கட்டிருவோம்" என்றார் குருக்கள். என்னைப் பார்த்துவிட்டு, "தேங்காய நானே ஒடைக்கிறேன்" என்றும் சொன்னார்.

சம்பந்தியம்மா உள்ளங்கையை நீட்டினார்.

"குடுங்க."

கத்தியைக் கொடுத்தேன்.

"ஒறையும்."

மணவறையில், பச்சை வாரை அவிழ்த்து, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு உறையைக் கழற்றிக் கொடுத்தேன். இந்தக் காட்சியும் வீடியோவில் இருக்கிறது. கோகுலனுக்குப் புதுக் காப்புக் கட்டினார்கள். "லூசா கட்டுங்க சாமி" என்று அவர் கெஞ்சியது மைக்கில் தெளிவாகக் கேட்டது. நல்ல நேரம் போவதற்குள் தாலி ஏறியது.

எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுதினேன். வசந்தா சிரிக்கவில்லை. அன்றும் சரி, அடுத்து வந்த நாள்களிலும் சரி, என்னோடு பேசவில்லை. கறிவிருந்தன்று என் இலைக்கு வந்து சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பெரிய கறித்துண்டாகப் பார்த்து வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"வசந்தா, நான் செஞ்சது தப்பு."

"காப்ப அறுத்தது போவட்டும்ண்ணே" என்றாள். "எனக்காகன்னு கேட்டேன். சரின்னு சொன்னியே."

"மன்னிச்சிரும்மா" என்றேன். எனக்கு ரசம் வேண்டுமா என்று கேட்டாள். அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் மன்னிப்பு அப்படித்தான் வரும்.

கத்தி குருணுக்குப் போய்விட்டது. நானும் அதைக் கேட்கவில்லை. தாடிக்காரனையும் பார்ப்பதை விட்டுவிட்டேன். தர்ஷினிக்குப் பெண் குழந்தை பிறந்து, முப்பதாம் நாள் சடங்குக்கு நாங்கள் குருண் போனபோதுதான் அதை மறுபடி பார்த்தேன். சம்பந்தியம்மா சமையல்கட்டில் இறால் முதுகைக் கீறிக் குடலை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரே கோடு, ஒரு சுண்டு, அடுத்த இறால். கையில் என் கத்தி.

"இந்த மாதிரி கத்தி கெடைக்காதுண்ணே" என்றார் நிமிராமலே. "எறாலுக்கு, மாங்காய்க்கு, மீன் செவுளுக்கு, எல்லாத்துக்கும் இதான். தெனமும் இதான்."

அப்படியென்றால் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்ற கத்திதான் அது.

"அப்ப நல்ல கத்தின்னு சொல்லுங்க" என்றேன்.

"கத்தி நல்ல கத்திதான். ஆளுதான் சரியில்ல."

அன்று குழந்தைக்கு அரைஞாண் கயிறு கட்டினார்கள். கறுப்புக் கயிறு, முடிச்சுப் போட்ட பிறகு நுனி நீளமாகத் தொங்கியது. கத்தரிக்கோலைத் தேடினார்கள். சம்பந்தியம்மா அந்தக் கத்தியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"வெட்டுங்கண்ணே. எங்க வெட்டணும்னு நா புடிச்சிக் காட்டறேன்."

வசந்தா என் பக்கத்தில்தான் நின்றாள். கோகுலன் மெல்ல இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். முதலில் சிரித்தவள் வசந்தா. கல்யாணத்தன்று பாக்கி வைத்த சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள். என் கண்ணில் தண்ணீர் வந்ததால் கயிறு இரண்டாகத் தெரிந்தது. சம்பந்தியம்மாவின் விரல் காட்டிய இடத்தில் வெட்டிவிட்டு, கேட்பதற்கு முன்பே கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் எந்த விசேசத்துக்குப் போனாலும் இதுதான் வரவேற்பு. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இருக்கிற ஆண்கள் எல்லாரும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். சென்ற மாதம் தர்ஷினி வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை இப்போது நடக்கிறது. "யாரு வந்திருக்கா பாரு, தாத்தா!" என்று தர்ஷினி சொன்னாள். அது தத்தித் தத்தி வாசல்வரை வந்தது, என்னை அண்ணாந்து பார்த்தது, காரணம் எதுவும் தெரியாமலே, இரண்டு குட்டிக் கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டு நின்றது.